ஓட்டும் மொய்யும்

தனி மனிதனுக்கு இரகசியம் உண்டு. குடும்பத்துக்கும் இரகசியம் உண்டு. ஒரு தெருவுக்கு இரகசியம் உண்டா? கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் தேர்தல் முடிந்து எண்ணிக்கை வெளியானதும், இந்தக் கேள்வி நம் வாசற்படியில் வந்து நிற்கத்தான் செய்கிறது.

பேட்டைகளுக்குக் கட்சி முத்திரை குத்துவது நம் ஜனங்களுக்குப் பழகிப்போன காரியம். "மயிலாப்பூரா? அங்கே ஓட்டு யாருக்கு விழும் என்று தெரியாதா!" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அடித்துச் சொல்வார். அவர் மனத்தில் இருக்கும் மயிலாப்பூர், கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள் மட்டுந்தான். அதே தொகுதியில் சாந்தோம் தேவாலயம் இருக்கிறது. நொச்சிக்குப்பத்து மீனவர்களின் வீடுகள் இருக்கின்றன. மந்தைவெளியின் சந்துகள் இருக்கின்றன. 2001-ல் அங்கே வென்றது தி.மு.க. கூட்டணியில் நின்ற பாரதீய ஜனதா. 2006, 2011, 2016 மூன்று முறையும் அ.தி.மு.க. 2021-ல் தி.மு.க. இருபது ஆண்டுகளில் மூன்று கட்சிகளைப் பார்த்துவிட்ட இடத்தை, இன்ன கட்சியின் சொத்து என்று எப்படிப் பட்டா எழுதுவது?

தொகுதியைப் பற்றிய பேச்சு வெறும் வம்பு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தெருவைப் பற்றிய பேச்சு அப்படியன்று.

ஒருவன் யாருக்கு ஓட்டளித்தான் என்று நீதிமன்றத்தில்கூட அவனைச் சொல்லச் சொல்ல முடியாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தரும் பாதுகாப்பு அது. தனி மனிதனுக்கு அந்தத் திரை போதும். வாக்குச் சீட்டு இருந்த காலத்தில், தேர்தல் கமிஷன் உத்தரவிட்டால், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணவும் வழி இருந்தது. 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு யந்திரம் வந்தது. சாவடிக்குச் சாவடி தனி யந்திரம், தனிக் கணக்கு. ஒரு சாவடி என்றால் சுமார் ஆயிரம் பேர், அதாவது நாலைந்து தெரு. ஆளின் முகம் மறைந்தே இருக்கிறது. தெருவின் முகம் தெரிந்துவிடுகிறது.

இதனால் ஜனங்கள் மிரட்டப்படலாம், பழி வாங்கப்படலாம் என்று தேர்தல் கமிஷனே கவலைப்பட்டது. பதினான்கு சாவடிகளின் யந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் சொல்லும் ஒரு கருவியை 2008-ல் அது சிபாரிசு செய்தது. 2015-ல் சட்டக் கமிஷனும் அதை ஆமோதித்தது. மத்திய சர்க்கார் இசையவில்லை. மறுப்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த இடத்தில் ஆதரவு குறைந்தது என்று தெரிந்தால்தானே அங்கே போய் உழைக்க முடியும்? சாவடிக் கணக்கு வெளிச்சத்தில் இருந்தால்தானே தில்லுமுல்லு நடந்தால் பிடிபடும்? வெளிச்சம் வேண்டும், மறைவும் வேண்டும். இரண்டையும் ஒரே விளக்கில் பெறுவது எளிதன்று.

ஆகவே கேள்வி கருவியை விட்டு மனிதனிடம் திரும்புகிறது. அந்தக் கணக்குத் தாளை வென்றவன் எப்படிப் படிக்கிறான்?

நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு உண்டு. இன்னார் இவ்வளவு வைத்தார் என்று எழுதி வைப்போம். அவர் வீட்டு விசேஷத்தில், கொஞ்சம் கூடவே திருப்பி வைப்போம். உறவுக்கு அது அழகுதான். அதே கண்ணோடு சாவடிக் கணக்கைப் பார்த்தால் என்ன ஆகும்? மொய் வைத்த தெருவுக்கு விளக்கு. வைக்காத தெருவுக்குச் சாக்கடை நீர்.

ஆயிரம் பேரில் அறுநூறு பேர் எதிர்த்துப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆதரித்த நானூறு பேரும் அதே குழாயில்தானே தண்ணீர் பிடிக்கிறார்கள்? ஓட்டுரிமையே இல்லாத குழந்தை அதே பள்ளத்தைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போகிறது? அவர்களை விடுங்கள், எதிர்த்த அந்த அறுநூறு பேர்தாம் செய்த குற்றம் என்ன? எதிர்க்கலாம் என்று சட்டம் சொல்லிற்று, எதிர்த்தார்கள். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை உபயோகித்ததற்குத் தண்டம் வசூலிப்பது என்ன தர்மம்? மொய் கொடுக்கல் வாங்கல். ஓட்டோ தீர்ப்பு. நீதிபதி எதிராகத் தீர்ப்புச் சொன்னார் என்பதற்காக அவர் வீட்டுத் தண்ணீரை நிறுத்துவார் உண்டா?

வென்றவனை மட்டும் குற்றம் சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. "நாங்கள் எல்லாரும் உங்களுக்குத்தானே போட்டோம், எங்கள் தெருவைக் கவனிக்கவில்லையே" என்று முறையிடுகிறோமே, அப்போது மொய் நோட்டை விரித்து வைப்பவர் யார்? போட்டதைச் சொல்லிச் சலுகை கேட்கிறவன், போடாதவனுக்குத் தண்டனை கொடுக்கவும் சம்மதிக்கிறான். அடுத்த தேர்தலில் அவன் கட்சி தோற்றால், அதே நியாயம் அவன் வீட்டுக் கதவையும் தட்டும்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மனு எழுதுங்கள். தெருவின் பெயரை எழுதுங்கள். எத்தனை நாளாக வரவில்லை என்பதை எழுதுங்கள். "தங்களுக்கே வாக்களித்த" என்ற இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிடுங்கள். தாகத்துக்குச் சிபாரிசு தேவையில்லை.