இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஒரு கூடை எரு

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 3:1-8, 13-15, 1 கொரிந்தியர் 10:1-6, 10-12, லூக்கா 13:1-9



கோயிலில் நின்று சொல்ல நாக்கு சற்றுத் தயங்கும் ஒரு பொருள் இன்றைய நற்செய்தியில் வருகிறது. எரு. சாணம், குப்பை, நாற்றம் எல்லாம் சேர்ந்த எரு. இயேசு அதைச் சொல்லத் தயங்கவில்லை. மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடு என்கிறார் தோட்டத்துக்காரர். வேலையாள் இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். அந்த ஓர் ஆண்டில் அவர் செய்யப்போவதாகச் சொல்வது இரண்டே வேலைதான்: மரத்தைச் சுற்றிக் கொத்துவது, எரு போடுவது.

எருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போன வருடம் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவார், அதனால் சொல்லவில்லை. குதிரை லாயத்தில் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நம் ஸ்ரீ கெம்பாங்கான் ஓரத்திலேயே, சுங்கை பெசியில், சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல் இருப்பது உங்களுக்குத் தெரியும். இன்று கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் நிற்கும் அம்பாங் சாலை நிலத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. 1990களில்தான் பந்தயம் இந்தப் பக்கம் வந்தது. குதிரை ஓடுவதைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். அது போட்டதை அள்ளுவதற்கு ஒருவர்தான் நிற்பார். அப்படி நின்றவர் நம் பெரியவர்.

ஒருநாள் அவர் எங்கிருந்தோ எட்டு மூட்டைக் குதிரைச் சாணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பங்கு இல்லத்தின் பின்புறம் இறக்கினார். “ஃபாதர், காளானைக் காசு கொடுத்து வாங்காதீங்க. இதுலேயே போட்டுடலாம்” என்றார். எனக்கு மூக்கைப் பொத்தவா, நன்றி சொல்லவா என்று தெரியவில்லை.

ஏன் குதிரைச் சாணம், மாட்டுச் சாணம் ஆகாதா என்று கேட்டேன். மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். நார் வரைக்கும் அரைத்துச் சத்தை எடுத்துவிடும். குதிரை அசைபோடாது. புல்லும் வைக்கோலும் பாதி செரித்தும் செரிக்காமலும் வெளியே வந்துவிடும். லாயத்தில் விரித்த வைக்கோலும் சிறுநீரும் அதோடு கலந்திருக்கும். குதிரைக்கு ஆகாமல் போன அந்த நார்தான் காளானுக்குச் சோறு. பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள் இதை முந்நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1707-ஆம் ஆண்டிலேயே தூர்ன்ஃபோர் என்ற தாவர அறிஞர், குதிரைச் சாணத்தில் காளான் வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு விளக்கியிருக்கிறார். பிறகு பாரிஸுக்கு அடியில் கல் வெட்டி எடுத்த சுரங்கங்களின் இருட்டில் சாணப் பாத்திகள் பரவின.

அவர்கள் வளர்த்தது மொட்டுக்காளான். அது முளைத்து வர பதினாறு, பதினெட்டு பாகைக் குளிர் வேண்டும். கேமரன் மலைக்குச் சரி, நம் ஊர் வெக்கைக்கு நடக்காது. ஆகவே வெக்கையை விரும்பும் வைக்கோல் காளானைப் போடுவது என்று முடிவு செய்தோம். சாணத்தோடு வைக்கோலைக் கலந்து, தண்ணீர் தெளித்து, இடுப்பு உயரத்துக்குக் குவித்தோம். மூன்றாம் நாள் பெரியவர் என் கையைப் பிடித்துக் குவியலுக்குள் விடச் சொன்னார். கையுறையோடுதான் விட்டேன். முழங்கைக்கு மேல் போகவில்லை, சுட்டது! அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. உள்ளே அறுபது, எழுபது பாகைச் சூடு. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் தின்று, மூச்சுவிட்டு, சூடு கிளப்பிக்கொண்டிருந்தன.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். பாஸ்கா விழாவுக்குள் காளான் பறித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். பெரியவர் இரண்டு வாரம் ஆகும் என்றார். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆறாம் நாளே பாத்தி கட்டிக் காளான் வித்தைத் தூவிவிட்டேன். எண்ணி எட்டு நாளில் முளைத்தது. மெலிந்த தண்டு, சாம்பல் நிறத் தொப்பி, பார்க்க அழகுதான். காலையில் பார்த்தது மாலையில் கறுத்து, உருகி, பேனா மையாய் ஒழுகிக் கிடந்தது. அது நான் தூவியது இல்லை. மைக்காளான். குவியலில் அம்மோனியா மிச்சம் இருந்தால் தானாக வந்து குடியேறும் களை. திரும்பி வந்த பெரியவர் பாத்தியைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “மூக்கு என்ன சொல்லிச்சு ஃபாதர்? கேட்டீங்களா?”

சகோதர சகோதரிகளே, தவக்காலத்தில் நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. மூக்கு என்ன சொல்கிறது?

நம் மூக்கு ஒன்றில் மிகவும் கெட்டி: அடுத்தவர் நாற்றத்தைக் கண்டுபிடிப்பதில். நற்செய்தியின் தொடக்கத்தில் சிலர் இயேசுவிடம் வந்து, பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர்கள் மனத்தில் ஓடும் எண்ணம் இயேசுவுக்குத் தெரியும்: அப்படிச் சாக வேண்டுமானால் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்! சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டு பேர் செத்ததை இயேசுவே எடுத்துச் சொல்லி, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட மோசமானவர்களா என்று கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அடுத்த வீட்டுப் பையன் சிறைக்குப் போனால், எதிர்வீட்டுக் குடும்பம் பிரிந்தால், நாமும் இப்படித்தான் மோப்பம் பிடிக்கிறோம். நிற்பதாக நினைக்கிறவன் விழாதபடி பார்த்துக்கொள்ளட்டும் என்று பவுல் இன்றைய இரண்டாம் வாசகத்தில் எச்சரிப்பது மூக்கை நம் பக்கம் திருப்பத்தான்.

திருப்பிய பிறகு என்ன செய்வது? பெரியவர் எனக்கு இரண்டாம் முறை சொல்லித்தந்தார். குவியலை மூன்று நாளுக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். சும்மா கிளறினால் போதாது. வெளியே குளிர்ந்து கிடப்பது உள்ளே போக வேண்டும், உள்ளே மூச்சுமுட்டிக் கிடப்பது வெளியே வர வேண்டும். புரட்டும்போதுதான் நாற்றம் அதிகம் வரும். அக்கம்பக்கத்தில் சன்னலைச் சாத்துவார்கள். அதற்காகப் புரட்டாமல் விட்டால் நடுவில் காற்று இல்லாமல் அழுகிவிடும். மூடி வைத்த குவியல் மணக்காது என்பது உண்மைதான். அதில் காளானும் வராது. விவிலியம் பேசும் எபிரேய மொழியில் மனமாற்றத்துக்கு உரிய சொல் திரும்புதல் என்பதே. நம் முன்னோரும் மனந்திரும்புதல் என்று அழகாகச் சொன்னார்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் நடப்பது அந்தப் புரட்டல்தான். ஒவ்வொரு தவக்காலமும் மேலாக இருக்கும் பாவத்தையே சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். பூசை பிந்தியது, கோபப்பட்டது, பொய் சொன்னது. சொத்துப் பங்குபிரிப்பில் தம்பியை ஏமாற்றியது பத்து ஆண்டாக நடுவிலேயே கிடக்கிறது. இன்று அதற்குக் காற்று காட்டுங்கள்.

பத்து, பன்னிரண்டு நாள் கழித்துக் குவியல் பாதியாக இறங்கிவிட்டது. நிறம் கருங்காப்பி. இடையிடையே சாம்பல் தூவினாற்போல வெண்புள்ளி. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு சொட்டு நீர், அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தேன். கண்ணைக் கரிக்கும் அந்தக் காரம் போய், மழை பெய்த மண் வாசம் வந்தது. அதற்குப் பிறகும் பீப்பாயில் போட்டு ஆவியில் வைத்து, ஆறவிட்டுத்தான் வித்துப் போட்டோம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குதிரைச் சாணத்தில் இசிவுநோய்க் கிருமி இருக்கலாம், கையில் காயத்தோடு தொடாதீர்கள், நம்பகமான இடத்தில் வாங்கிய வித்தைத்தான் போடுங்கள், வித்தில்லாமல் தானாக முளைத்ததை யாரும் சமைக்காதீர்கள். முட்டை வடிவில் இருக்கும் வைக்கோல் காளானைப் போலவே தோன்றும் கொல்லும் காளானும் உண்டு. மன்னிப்பின் பெயரால் முளைப்பது எல்லாமே மன்னிப்பு ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அடிபட்ட பெண்ணிடம் மறுநாளே போய் “மறந்துவிடு, மன்னித்துவிடு” என்பது என் ஆறாம் நாள் அவசரம். அதில் மைக்காளான்தான் வரும்.

முதல் வாசகத்தில் மோசே ஒரு முட்புதரைப் பார்க்கிறார். எரிகிறது, கருகவில்லை. அவர் அங்கே எந்த நிலையில் வந்து நிற்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். எகிப்தில் ஒருவனை அடித்துக் கொன்று மணலில் புதைத்துவிட்டு ஓடிவந்தவர் அவர். புதைத்தது புதைந்தபடி கிடக்க, மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். ஆட்டுக் கிடையின் வாடை அடிக்கும் அந்த மனிதரைப் பார்த்து, நீ நிற்கும் இடம் புனிதமானது, செருப்பைக் கழற்று என்கிறார் ஆண்டவர். குளித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. புதர் கருகாதபடி எரிந்த நெருப்பு மோசேயையும் கருக்கவில்லை. அவரைப் பார்வோனிடம் அனுப்பியது. அன்று குவியலுக்குள் கைவிட்டுச் சூடு பட்டபோது எனக்கு இந்த வாசகம்தான் நினைவுக்கு வந்தது. அழுகுவதாக நாம் நினைக்கும் இடத்தில் கடவுள் அடுப்பு மூட்டியிருக்கலாம்.

நாம் வாழும் இந்த ஸ்ரீ கெம்பாங்கானும் கொத்தி எரு போடப்பட்ட நிலம்தான். மலாயாவின் அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், சீனக் குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து முள்வேலிக்குள் குடிவைத்த செர்டாங் புதுக்கிராமம் இது. ஈயம் தோண்டித் தோண்டிப் பள்ளமான நிலத்தில்தான் இன்று தி மைன்ஸ் ஏரி நிற்கிறது. பக்கத்தில் செர்டாங்கில் 1931-இல் ஒரு வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். மறுபடி காளானுக்கு வருகிறேன். இந்த நாட்டில் சிப்பிக்காளானை எதில் வளர்க்கிறார்கள் தெரியுமா? ரப்பர் என்னும் பால்மரத்தின் தூளில். நூறு பங்கு மரத்தூள், பத்துப் பங்கு தவிடு, ஒரு பங்கு சுண்ணாம்பு. நம் தாத்தா பாட்டி விடியலுக்கு முன் எழுந்து, கொசுக்கடியில் பால் வெட்டிய அதே மரம். பால் வற்றியதும் தோட்டம் அதை வெட்டித் தள்ளியது. மரத்தோடு சேர்த்து நம் மக்களையும் லயத்து வீடுகளைவிட்டு வெளியே அனுப்பியது. இனி உதவாது என்று தள்ளிய மரத்தின் தூள் இன்று பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் காளானாக வந்து விற்கிறது. அந்த லயங்களிலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நீங்கள்தாம் இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, அந்த வேலையாளைப் பாருங்கள். அவர் மரத்துக்காக வாதாடவில்லை. நல்ல மரம், காய்க்கும் என்று உறுதி தரவும் இல்லை. நேரம் கேட்கிறார், அந்த நேரத்துக்குத் தன் முதுகை ஈடு வைக்கிறார். கொத்துவதற்குக் குனிய வேண்டும், எரு அள்ளினால் கை நாறும். இந்த வாரம் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். குடியை விட்டு மறுபடி குடித்தவர், போதை மையத்திலிருந்து திரும்பிய பிள்ளை, குடும்பத்தில் எல்லாரும் கைகழுவிய அண்ணன். அவருக்காக வீட்டில் ஒருவராவது இன்னும் ஓர் ஆண்டு என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கூடையையும் எடுக்க வேண்டும். மருத்துவரிடம் கூட்டிப்போவது, வேலை தேடித்தருவது, கதவைத் திறந்தே வைப்பது, இவைதான் கூடை.

காளான் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாஸ்காவுக்கு வரவில்லை. அதற்குப் பிந்திய வாரம், ஒரு விடியலில், பாத்தி முழுக்கக் காடைமுட்டை போலக் கிளம்பியிருந்தது. உறை விரிவதற்குள் பறித்தோம். பெரியவர் மனைவி மிளகு போட்டுச் சமைத்துக் கொடுத்தார்.

பறித்து முடிந்த பாத்தியின் எருவை என்ன செய்வது என்று கேட்டேன். பங்கு இல்லத்துச் சுவரோரம் ஓர் எலுமிச்சை மரம் நிற்கிறது. மூன்று ஆண்டாக ஒரு பிஞ்சு இல்லை. வெட்டிவிட ஆளிடம்கூடச் சொல்லியிருந்தேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து அதைச் சுற்றிக் கொத்தினார், கூடை கூடையாக எருவைக் கொட்டினார்.

அத்திமரம் காய்த்ததா இல்லையா என்று இயேசு சொல்லாமலே கதையை முடிக்கிறார். எலுமிச்சையும் இன்று காலைவரை காய்க்கவில்லை. வெட்ட வரச்சொன்ன ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.