யாருடைய புகை?

மார்கழியின் கடைசி வைகறை. வேப்பம்பட்டு இரயில் நிலைய விளக்குகள் புகைக்குள் மங்கித் தெரிய, காலைத் திருப்பலிக்காகக் கோவிலை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். தெருவுக்குத் தெரு போகித் தீ. வாயிலில் கோரைப்பாய் ஒன்றை எரித்துக்கொண்டிருந்த முதியவரிடம், "பெரியவரே, புகை நெஞ்சை அடைக்கிறதே" என்றோம். அவர் சிரித்தார். "ஒரே ஒரு பாய்தானே சாமி! இதனால என்ன ஆயிடப் போவுது?" அடுத்த வீட்டுத் திண்ணையில் குழந்தையொன்று இருமிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டது எளிய கேள்வியன்று. எவர் செயலும் தனித்துத் தீங்கு செய்யாதபோது, எல்லாரும் சேர்ந்து செய்த தீங்கு யாரைச் சாரும்?

தை பிறக்கும் நாள்களில் இரவில் நிலம் குளிர்கிறது; நிலத்தையொட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிந்துவிட, புகை மேலேறிக் கலைய வழியின்றித் தலைமட்டத்திலேயே தங்குகிறது. அதிலுள்ள 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. அவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. ஒரு நாளின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிவுரை. நம் நாட்டின் வரம்பு 60. 2018 போகியன்று ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. அதைச் செய்தது எந்தப் பாய்?

புகைக்கு உரிமையாளர் இல்லை, சாட்சி உண்டு. மரமும் வைக்கோலும் எரியும்போது அவற்றின் நாரிலிருந்து லெவோகுளுக்கோசன் என்னும் ஒருவகைச் சர்க்கரைப்பொருள் பிறக்கிறது. 2007இல் சென்னையில் சேகரித்த காற்றுத்துகள்களை ஆய்ந்தோர் அதனைக் கண்டனர். பிளாஸ்டிக் எரிந்த தடயங்களையும் கண்டனர். நாம் மறந்துவிட்ட தீயைக் காற்று மறக்கவில்லை.

சமூகப் பாவம் என்பது பல தனிமனிதப் பாவங்களின் திரட்சி என்று 1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார். 'சமூகம் செய்தது' என்று சொல்லி எவரும் விலகிக்கொள்ள முடியாது என்பதே அதன் கருத்து. பங்கு சிறிதாயின் பொறுப்பும் சிறிதாகலாம், இல்லாமற் போவதில்லை.

"கும்மிடிப்பூண்டியிலும் மணலியிலும் ஆலைகள் ஆண்டு முழுவதும் புகைக்கின்றனவே, அவர்களைக் கேட்டீர்களா?" எனலாம். நியாயமான கேள்வி. பெரிய புகைபோக்கிகளை விட்டுவிட்டு ஏழையின் வாயிலில் மட்டும் அறம் பேசுவது கோழைத்தனம். ஆயினும் பிறர் குற்றம் பெரிது என்பதால் நம் குற்றம் கரைந்துவிடாது. ஆலையின் புகையும் பாயின் புகையும் அக்குழந்தையின் மார்புக்குள் ஒன்றாகவே இறங்குகின்றன.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. விறகு தவிர வேறு வழியற்ற தாய் உலை வைக்க மூட்டும் தீ, தேவையின் தீ. அவளைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. அவளுக்கு எரிவாயு எட்டும்படி செய்வதே நம் கடன். அறுவடை எந்திரம் சிதறவிட்ட வைக்கோலைக் கட்ட ஆளும் கூலியும் இன்றிக் கொளுத்தும் உழவர் இடைநிலையில் நிற்கிறார். மாட்டுக்குத் தீவனமாகக்கூடிய அவ்வைக்கோலை மீட்க அவருக்குத் துணை வேண்டும். பழம்பாய்க்கோ தேவை என்ற சாக்கு இல்லை. சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன் பழம்பொருள்களை வீடுதோறும் சேகரித்து வருகிறது. நம் ஊர்களிலும் அதைக் கேட்டுப் பெறலாம்.

அன்று பெரியவருக்கு மறுமொழி கூறாமல் நடந்துவிட்டோம். திருப்பலிக்கு நேரமாகிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நம் அறைக்குப் பின்புறம் சருகுகளைக் கூட்டிக் கொளுத்துவது நம் வழக்கமாயிருந்ததும் அந்த மௌனத்திற்கு ஒரு காரணம். இப்போது அங்கே குழி வெட்டி, சருகை எருவாக்குகிறோம். அடுத்த போகிக்குள் அப்பெரியவரைச் சென்று காண வேண்டும்.