அறியாதார் பொருட்டு வருந்துதல்

நம்மை ஒருபொழுதும் கண்டறியாத பாடகர் ஒருவர் வெள்ளத்தில் அகப்பட்டார் எனக் கேள்வியுற்று, உணவு செல்லாது உறக்கங் கொள்ளாது வருந்துதல் தகுமா? உடனிறந்த பெயரறியா மக்களை விடுத்து ஒருவர்க்கே உள்ளம் நைதல் பக்ஷபாதமாகாதா? மாணாக்கரிடத்து இத்தகைய கவலையைக் காணுங்கால் உபாத்தியாயர் சிலர் நகைத்து விடுகின்றனர். நாம் அதனை ஆராய்தற்குரியதென்றே கொள்கின்றோம்.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் திகதி, அமெரிக்க தேசத்து லூயிசியானா மாகாணத்தைக் கத்ரீனா என்னுஞ் சூறாவளி தாக்கிற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைக் காத்துநின்ற வெள்ளத்தடுப்புச் சுவர்கள் பலவிடங்களில் உடைந்தன. நகரிற் பத்தில் எட்டுக் கூறு நீருள் மூழ்கிற்று. ஒன்பதாம் வட்டாரத்தின் கீழ்ப்பகுதியிலே, ஏழை மக்கள் நடுவே, ஃபற்ஸ் டொமினோ என்னும் பாடகர் வசித்துவந்தார். 1950-ம் ஆண்டுகளிற் பியானோ வாசித்துப் பாடி உலகப் புகழ் பெற்றவர். செல்வம் வந்தபின்னரும் அவ்வட்டாரத்தை விட்டகலாதவர். அப்பொழுது அவருக்கு வயது 77. மனைவியார் நோயுற்றிருந்தமையால் வெளியேறாது வீட்டிலே தங்கினார். செப்டெம்பர் முதலாந் திகதி, புயலுக்கு முன்பிருந்தே அவரிடமிருந்து செய்தியில்லை என அவர்தம் முகவர் அறிவித்தார். யாரோ ஒருவர் அவர் மாண்டாரெனக் கருதி, அவர் வீட்டுச் சுவரிலே பிரியாவிடை எழுதிவைத்தார். உண்மையில் அவர் முன்னரே மீட்கப்பட்டிருந்தார். பத்திரிகைப் படமொன்றிலே மகளார் அவரை அடையாளங் கண்டனர்.

இக்கவலை தன்னலமே என்பாருளர். பாட்டின்பம் போய்விடுமே என்னும் அச்சமன்றிப் பிறிதில்லை என்பர். இது பொருந்தாது. அவர் பாட்டுக்கள் தட்டுக்களிற் பதிந்து அரை நூற்றாண்டு கழிந்தது. அவர் மாண்டாலும் அவற்றில் ஒன்றுங் குறைவுபடாது. அஃதறிந்தும் உள்ளம் பதைக்கின்றதாயின், அப்பதைப்புப் பாடினவர் பொருட்டே என்பது பெறப்படும். தட்டுக்கு விலை கொடுத்தோமே, கடன் தீர்ந்ததே என்று எவரும் அவ்வேளையில் எண்ணுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

தொடர்புடையார்மாட்டுச் செல்வதை அன்பென்றும், தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலுஞ் செல்வதை அருளென்றும் நம் உரையாசிரியர் பிரிப்பர். இவ்வருத்தம் எதன்பாற்படும்? நமக்கு அவர் தொடர்புடையார்; அவர்க்கு நாம் தொடர்பில்லார். ஒரு தலையில் மாத்திரங் கட்டிய கயிறு இது. கைம்மாறு கருத இடமின்மையால் அருளுக்கு அணித்து. ஒருவரையே தெரிந்து பற்றுதலால் அன்புக்கு அணித்து. இரண்டற்கும் இடைப்பட்ட படியென்று நாம் கொள்வோம்.

பக்ஷபாதம் என்னும் ஆக்ஷேபமே வலியது. அச்சூறாவளியால் இறந்தோர் 1,300 பேருக்கு மேற்பட்டோர். அவருட் பலர் டொமினோவைப் போலவே முதியோர். அவ்வட்டாரத்தில் மக்கள் கூரைமீதேறி உதவிக்குக் காத்து நின்றனர். அவர்களைப் பெயர் சொல்லி உலகந் தேடவில்லை. இது அநீதியே. ஆயினும் ஒருவரையுங் கருதாத நெஞ்சு ஆயிரவரைக் கருதும் என எதிர்பார்த்தல் வீண்; தொகையைக் கேட்டு உருகுவார் சிலர், முகத்தைக் கண்டு உருகுவார் பலர். டொமினோ எங்கே என்று வினாவினோர், அவர் இருந்த வட்டாரம் யாது, அங்கே பிறர் எவ்வாறுளர் என்று வினாவுதற்கும் வழி திறந்திருந்தது. அவர் பிழைத்தார் எனக் கேட்டுப் பெருமூச்சுவிட்டுப் பத்திரிகையை மடித்தவன் கவலையும், அயல்வீட்டார் என்னாயினர் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியவன் கவலையும் முதனாள் ஒன்றுபோலவே தோன்றும். மறுநாளே வேறுபாடு புலப்படும்.

சுவரிலெழுதினவரை எழுதுவித்ததும் அன்பே. ஆனால் அறியாததை அறிந்ததாக எழுதினார். செய்தியின்றித் தவிக்கும் மக்கள் அதனைக் கண்டால் என்ன பாடுபடுவர்! கவலையுற்றோர் வதந்திக்குத் துணைபோகாதிருத்தல், கண்ணீர் விடுதலினும் அரிது.

டொமினோ பின்னும் பன்னிரண்டாண்டு வாழ்ந்து, 2017-ம் ஆண்டு ஒக்டோபர் 24-ந் திகதி, தமது 89-ம் வயதில் இறந்தார். வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது பாடற்றொகுதியின் வருவாய், அந்நகரத்து இசைவாணர்க்கு உதவும் தாபனமொன்றுக்குச் சென்றது.