நாணம் இருவருக்கும், கல்வி ஒருவருக்கா?

பருவமடையும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிய அறிவைப் புகட்டலாமா என்பது பழைய கேள்வி. ஸ்வீடன் நாடு 1955இல் அதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலோ 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்திவைத்தன. நாம் கேட்க விரும்புவது வேறு: சொல்லித் தரும் சிறிதளவையேனும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகத் தருகிறோமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் உள்ள நம் இல்லங்களைப் பாருங்கள். மகள் பெரியவளானதும் கட்டுப்பாடுகள் வந்துவிடுகின்றன; விளக்கம் வருவதில்லை. மகனுக்கோ இரண்டுமே இல்லை. கைபேசியே அவனுக்கு உஸ்தாது. ரமளானில் நோன்பு வைக்கக்கூடாத நாட்களில் சகோதரி அடுக்களை மூலையில் ஒளிந்து தண்ணீர் குடிக்கிறாள். அல்லாஹ்வின் சட்டப்படி நடப்பதைத் தம்பிக்குத் தெரியாமல் மறைப்பானேன்? அவனுக்கு அச்சட்டத்தை எவரும் சொல்லித் தரவில்லை!

பாலிகாகிவிட்டால் தொழுகையும் நோன்பும் இருவர் மீதும் கடமை. கடமை இருவருக்கும் என்றால், அதற்குரிய இல்மும் இருவருக்கும் உரியதே. கனவினால் பெண்ணுக்கும் குளிப்பு கடமையாகுமா என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். பெருமானார் கடிந்துகொள்ளவில்லை, விடையளித்தார்கள். அலீ (ரலி) அவர்கள் மருமகன் என்ற முறையில் கூச்சமடைந்து, மதீ பற்றிய தம் கேள்வியை மிக்தாத் (ரலி) அவர்கள் மூலம் கேட்டறிந்தார்கள். நாணம் கேட்கும் வழியை மாற்றியது, கல்வியைத் தடுக்கவில்லை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் அந்நூர் அத்தியாயத்தில் முதலில் ஆண்களுக்கே (24:30). அடுத்ததே பெண்களுக்கு (24:31). மேடைகளில் பெரும்பாலும் இரண்டாவதே ஒலிக்கிறது.

‘சொன்னால் தூண்டுதலாகாதா?’ என்பார் சிலர். வயதறியாமல், வரம்பின்றிச் சொன்னால் ஆகும்தான். ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிள்ளை அறியாமலா இருப்பான்? தவறானவர்களிடம் தவறாக அறிவான். ‘ஆண்பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணமும் ஆபத்தானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காக்கவே இயற்றப்பட்டது.

சமம் என்றால் ஒன்றாக உட்காரவைப்பது அன்று. ஆண்பிள்ளைகளுக்கு உஸ்தாதும் பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாவும் தனித்தனியே சொல்லித் தரட்டும். ஆனால் பாடம் ஒன்றாயிருக்கட்டும். குளிப்பின் சட்டத்தோடு, ஹைளின் சட்டத்தை மகனும், பார்வையின் சட்டத்தை இருவரும் கற்கட்டும். மஹல்லா மதரஸாக்களில் இதற்கு வாரம் ஒரு மணி நேரம் போதும்.

வல்ல நாயன் நம் மக்கள் இருபாலருக்கும் நாணத்தையும் நல்லறிவையும் ஒருசேரத் தந்தருள்வானாக! ஆமீன்.