எங்கே நின்று எடுத்தீர்கள்?

கமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையிலிருக்கும் வில்லை போதாதென்று எப்போதும் தோன்றிக்கொண்டேயிருக்கும். என்னிடமிருப்பது கமராவுடன் சேர்ந்து வந்த 18–55 மில்லிமீற்றர் வில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் மீலாத் விழாவுக்கும் அது தாராளம். ஆனாலும் சீட்டுப் போட்டு அடுத்த வில்லைக்குக் காசு சேர்த்தேன். வவுனியாவில் கடைக்காரர் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று தூரத்தை அருகே இழுத்துத் தரும் 55–250. மற்றது 50 மாத்திரம். கூட்டவோ குறைக்கவோ முடியாதது. எதை வாங்குவது? அது வெறும் காசுக் கேள்வியாக எனக்குப் படவில்லை. அதற்குக் காரணமிருந்தது.

தூர வில்லையை நண்பரொருவரிடம் முன்னரே இரவல் வாங்கிப் பாவித்திருக்கின்றேன். முள்ளியவளைப் பக்கம், மீளக்குடியேறிய முதியவர் ஒருவர் தனது பழைய வீட்டின் அத்திவாரத்தில் தனியே அமர்ந்திருந்தார். சுவர்கள் இல்லை. முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். வீதியோரம் இருபது மீற்றர் தள்ளி நின்று எடுத்தேன். படத்தை ஓர் இலக்கியக் கூட்டத்தில் காட்டியபோது எல்லோரும் பாராட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் ஒரு பிரதியை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"நீங்க எங்க நிண்டு எடுத்தீங்க மாஸ்டர்? நான் உங்களக் காணேல்லையே."

குரலில் கோபமில்லை. அதுதான் சுட்டது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மக்கள் கொண்டுவர முடிந்தது சில நூறு ரூபாவும் உடுதுணியும்தான். அல்பங்கள் வீடுகளோடு போயின. அந்த முதியவரிடம் தனது திருமணப் படமொன்றுகூட இல்லை. இத்தனை வருடங்களின் பின் அவருக்குக் கிடைத்த படம், அவர் யாருக்கும் காட்ட விரும்பாத ஒரு வேளையில் எடுக்கப்பட்டது.

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தினூடாக எட்டிப் பார்த்த சம்பவம் புகாரியில் வருகின்றது. அவர் கண்டிக்கப்பட்டார். வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் விதியே பார்வையின் பொருட்டு வந்தது என்பது அங்கே உணர்த்தப்பட்டது. அந்த மனிதர் உள்ளே காலடி வைக்கவில்லை; பார்வை மட்டுமே நுழைந்தது. அத்திவாரம் மாத்திரம் மிஞ்சிய வீட்டுக்குச் சுவரில்லை என்பதால் அனுமதியும் தேவையில்லை என்றாகிவிடுமா?

இதை வைத்துத் தூர வில்லையையே குற்றமென்று தள்ளிவிட முடியாது. 2009இல் இறுதி யுத்தம் நடந்தபோது சுதந்திர ஊடகவியலாளர்கள் வன்னிக்குள் விடப்படவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்திலிருந்து செய்மதிகள் எடுத்த படங்களே முல்லைத்தீவுக் கரையோரத்துக் கூடாரங்களையும் குண்டுக் குழிகளையும் உலகுக்குக் காட்டின. அருகே செல்ல வழியில்லாதபோது தூரத்துப் பார்வை சாட்சியமாகின்றது. வழியிருந்தும் செல்லாதிருப்பது வேறு. எனக்கும் அந்த அத்திவாரத்துக்குமிடையில் வேலியுமில்லை, காவலுமில்லை. இருபது மீற்றர் புல்தரை மட்டுமே இருந்தது.

"கேட்டுவிட்டு எடுத்தால் முகம் மாறிவிடும், உண்மை போய்விடும்" என்பார் வில்லை இரவல் தந்த நண்பர். முகம் மாறும்தான். ஆனால் தன்னை இப்படிப் பார்க்கவேண்டும் என்று ஒரு மனிதர் நமக்குத் தரும் முகம் பொய்யாகிவிடாது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழைய கொள்கையை 11ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் மறுத்தார். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகின்றது என்று நிறுவினார். அவ்வாறாயின் பார்ப்பவன் பெற்றுக்கொள்பவன். நாமோ படம் 'எடுப்பதாகவே' சொல்லிப் பழகிவிட்டோம்.

ஒருவரின் முகமும் தோளும் சட்டத்தை நிரப்ப, என் கமராவில் 250இல் இருபதடிக்கு மேல் தள்ளி நிற்கலாம். 50இல் ஏறக்குறைய ஐந்தடிக்குள் போகவேண்டும். ஸலாம் சொல்லாமல் ஒருவருக்கு முன்னால் ஐந்தடியில் நிற்க முடியாது. 50ஐ வாங்கினேன்.

மறுபடியும் அவரிடம் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "ஒரு படம் எடுக்கட்டா மாமா?" என்றேன். "பொறுங்க மாஸ்டர்" என்று உள்ளே போனார். சேட்டு மாற்றி, தொப்பி அணிந்து, மனைவியையும் அழைத்து வந்து பக்கத்துக் கதிரையில் இருத்தினார். படத்தில் இருவரும் விறைப்பாகவே இருக்கின்றார்கள். கூட்டத்தில் காட்டினால் யாரும் பாராட்டமாட்டார்கள். காட்டும் எண்ணமும் எனக்கில்லை. அது அவர்களுடைய புதிய வீட்டுச் சுவரில் தொங்குகின்றது.

இரணைமடுக் குளத்தில் பறவைகள் இறங்கும்போது தூர வில்லையின் ஆசை இன்னும் வரத்தான் செய்கின்றது. காசு சேர்ந்தால் அதையும் வாங்குவேன். ஆனால் வெளியேற்றத்தைப் பற்றி, அடுத்தவர் துயரத்தைப் பற்றி எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கின்றது. எங்கே நின்று எழுதுகின்றேன்? அவர் என்னைக் கண்டாரா?