குடியை விட விரும்புவோன் எங்குச் செல்வான்?

குடி கேடு என்பதை நம்மவர்க்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவருக்குப் பின் வந்த அறிஞர் பலரும் அதனையே வற்புறுத்தினர். ஆயினும் இவ்வுபதேசங்கள் குடிப்பவன் எங்குப் போகலாகாது என்று கூறுகின்றனவேயன்றி, விட்டுவிட வேண்டுமென்ற எண்ணம் அவனுக்கு உண்டான அன்று எங்குப் போக வேண்டும் என்று கூறவில்லை. அவ்விடம் யாது, அங்குச் செல்வது மானக்கேடா என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

மலாயாவில் நம் மக்களின் குடி தானே முளைத்ததன்று. தோட்டங்களில் கள்ளுக்கடை வைத்தவர்கள் துரைமார்கள். அதற்கு உரிமம் வழங்கியது சர்க்கார். அக்கடையின் இலாபத்திலிருந்தே தொழிலாளர் நலத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டதென்றால், அந்நலத்தின் தன்மையை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்பதும் அவர்களது கோரிக்கையாயிற்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தி, 1947இல் போலீசாரின் அடக்குமுறைக்கு ஆளாயினர். தாயகத்தில் 1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இவை யாவும் போற்றத்தக்க முயற்சிகளே. ஆனால் கடையைப் பூட்டலாம். பழகிய உடலுக்குள் இருக்கும் வேட்கையைப் பூட்ட இயலாது. கள் குறைந்த இடத்தில் மலிவான சம்சு புகுந்ததை நாம் கண்டோம்.

ஆகவே வேறொன்றும் வேண்டும். அது 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிற்று. வியாபார நிமித்தம் அங்குச் சென்றிருந்த பில் வில்சன் என்பவர் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றது. தங்கிய விடுதியிலேயே மதுக்கூடமும் இருந்தது. மனம் தடுமாறிய அவர், தம்மைப் போன்று அவதியுறும் வேறொருவர் அவ்வூரில் உண்டோ எனத் தொலைபேசியில் விசாரிக்கலானார். அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். பிறனுக்குத் துணையாக இருந்தால் தாம் தப்பலாம் என்று வில்சன் எண்ணினார், இருவருமே தப்பினர். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் உலகளாவிய கூட்டுறவு இதிலிருந்து பிறந்தது. அதில் கட்டணமில்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேசப்படுவதால் பகுத்தறிவாளர் தயங்கலாம். அவரவர் உணர்ந்தவாறு கொள்க என்று அப்படிகளே இடமளிக்கின்றன.

இத்தகைய கூட்டங்கள் கோலாலம்பூரிலும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டபின் சாலாக் செலாத்தான் அடுக்குமாடி ஒன்றில் குடியேறிய ஒரு லோரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். அவன் ரயிலேறினால் செப்புத்தே, மிட் வேலி தாண்டிக் கே.எல். சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். நகரில் எங்குக் கூட்டம் நடப்பினும் தூரம் அவனைத் தடுக்கப் போவதில்லை. தெரிந்தவர் பார்த்துவிடுவரோ என்னும் அச்சமே அவனைத் தடுக்கிறது. அவன் சாக்கடையோரம் விழுந்து கிடந்ததை அத்தெருவார் கண்டிருக்கின்றனர். சம்பளநாளில் அவன் மனைவி கடைக்காரரிடம் தவணை கேட்டு நின்றதும் அவர்கள் அறிந்ததே. அனைவரும் அறிந்த கேட்டினை மறைத்தற்கு இனி என்ன இருக்கிறது? இதுகாறும் எவரும் அறியாதது, அவன் திருந்த விரும்புகிறான் என்னும் ஒன்றே. அதனை வெளியிடுவதா மானக்கேடு?

குடியை நோயென்றால் குடிப்பவன் பொறுப்பு நீங்கிவிடாதா எனச் சிலர் வினவுவர். நீங்காது. நீரிழிவு கண்டவனை நாம் குற்றவாளியென்பதில்லை. ஆனால் மருந்துண்ண மறுத்துக் குடும்பத்தைத் தவிக்கவிட்டால் கண்டிக்கின்றோம். நோய்க்கு இரக்கமும், பரிகாரம் தேடாமைக்குக் கண்டிப்பும் ஒருங்கே பொருந்தும். அவன் திருந்தும்வரை மனைவி அடியும் பசியும் பொறுத்திருக்க வேண்டும் என்பதும் நீதியன்று. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் ‘அல் அனான்’ என்னும் தனிக் கூட்டுறவு தோன்றியதன் கருத்தும், அவர்தம் துயரும் துயரே என்பதாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். பன்னாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை உண்டாகி உயிருக்கே அபாயம் நேரலாம். அத்தகையவன் முதலில் மருத்துவரிடம் சென்று, அவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். சென்னையில் கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய மருத்துவ நிலையம், சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவதன் பயனைக் காட்டிற்று.

நம் சங்கங்களுக்கும் ஆலயக் குழுக்களுக்கும் ஒரு விண்ணப்பம். குடியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நில்லாது, கூட்டம் எங்கு, எக்கிழமை நடக்கிறதென விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். தமிழில் கூட்டம் அண்மையில் இல்லையாயின், குடியை விட்டவர் இருவர் அமர்ந்து பேச ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். அங்கு வருவோரைப் பற்றி வெளியில் பேசாதிருங்கள். கதவைத் தட்டுவது அவன் கடமை. தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கச் செய்வது நம் கடமை.