எண்ணெய் கேட்காத விளக்கு

கொழும்பில், பாமன்கடையிலிருந்து காலி வீதிக்கு வரும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையிலும் வெள்ளவத்தைக் கடைத்தெருவிலும் பழமைக்கு நல்ல விலை இருக்கிறது. கல்யாண அழைப்பிதழில் பொன் மையில் குத்துவிளக்கு, மிளகாய்த்தூள் பொதியில் பனைமரம், சாப்பாட்டுக் கடைப் பலகையில் கோபுரம், சுவாமி அறைக்கு மின்சாரத்தில் எரியும் விளக்கு. சமயம் மலிந்துபோனதே என்று சிலர் நோகிறார்கள். நம் அடையாளம் பிழைத்ததே என்று சிலர் மகிழ்கிறார்கள். இரு சாராரும் பழைய வடிவத்துக்குள் அர்த்தம் குடியிருப்பதாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்றே நான் கருதுகிறேன்.

வடிவத்துக்கும் அர்த்தத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வியை ஆழமாக எழுப்பியவர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கண்டிய காலக் கைவினைகளை ஆராய்ந்த அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. வழிபாட்டுக்கும் வாழ்வுக்கும் வேண்டியதை முறைப்படி செய்தபோது அழகு கூடவே வந்தது, பயன் நீங்கியபின் தோற்றத்தை மட்டும் இரசிப்பது அரைகுறை என்று அவர் வாழ்நாளெல்லாம் வாதிட்டார். அதே குமாரசுவாமி ஓவியர் ரவிவர்மாவின் படங்களை நாடகத்தனமானவை என்று ஒதுக்கினார். அங்கே அவருடைய அளவுகோலே அவருக்கு எதிராக நிற்கிறது. ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் தீட்டி, 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அச்சான தெய்வங்கள் அவை. பாணியில் பழமை குறைவு. ஆனால் அந்த இலட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் மக்கள் சட்டமிட்டுக் குங்குமம் வைத்தார்கள், பூச் சாத்தினார்கள். பின்னால் சிவகாசி நாட்காட்டிகள் அத்தகைய முகங்களை வீடுதோறும் கொண்டுபோயின. வருடம் முடிந்த நாட்காட்டியைக்கூட, சாமிப் படம் என்பதால், குப்பையில் போட இன்றும் பலருக்குக் கை வருவதில்லை.

கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவில் இதற்கு மறுபுறம். குமாரசுவாமியின் அத்தை மகனான பொன்னம்பலம் இராமநாதன், தம் தந்தை கட்டிய கோவிலை 1907 தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் எழுப்பினார். 1912இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆங்கிலேயர் ஆண்ட துறைமுக நகரில் தென்னாட்டுக் கற்றளி எழுப்பியது வெறும் பழமை ஏக்கம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கல் மட்டும் அதைக் கோவிலாக்கவில்லை. திருப்பணிக்கு முன் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றிப் பாலஸ்தாபனம் செய்வது ஆகம வழக்கம். சக்தி திரும்பும்வரை எத்தனை அழகான சிலைக்கும் பூசை இல்லை. வடிவத்தையும் அருளையும் சைவ நெறியே இப்படிப் பிரித்துப் பார்க்கிறது. அப்படியிருக்க, வடிவத்தை நகலெடுத்தால் அர்த்தமும் கூட வந்துவிடும் என்று எப்படிச் சொல்வது?

1983 ஆடிக் கலவரத்திலும் அதன்பின் வந்த போரிலும் வீடிழந்தவருக்கு ஏக்கமே ஒரு பக்தி அல்லவா என்று கேட்கலாம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இழந்தவரை நினைப்பது பெருங்கடன். அதற்கென்றே திவசம் இருக்கிறது. ஆனால் திவசம் நம்மிடம் விரதம் கேட்கிறது, சமையல் கேட்கிறது, பேர் சொல்லி நீர் இறைக்கக் கேட்கிறது. மிளகாய்த்தூள் பொதியின் பனைமரம் விலையைத் தவிர எதையும் கேட்பதில்லை. அதே பனை ஒரு பனங்கட்டிக் குட்டானின் மேல் இருந்தால், உள்ளே இருப்பதைச் சொல்லும், பனையேறுபவரின் உழைப்பையும் நினைவூட்டும். மின்விளக்கையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். மாடிவீட்டில் நெருப்புக்குப் பயந்து அதைப் போட்டுவிட்டு, முன்னால் நின்று தேவாரம் பாடுகிறவருக்கு அது விளக்குத்தான். வரவேற்பறையில் காட்சிக்கு நிற்கும் பரம்பரைக் குத்துவிளக்குக்கு அந்தப் பெருமை இல்லை.

அழைப்பிதழும் பெயர்ப்பலகையும் வடிவமைக்கும் நம் இளையவர்கள், ஒரு சின்னத்தை எடுக்குமுன் அது பார்ப்பவரிடம் என்ன கேட்கிறது என்று யோசிக்கவேண்டும். ஒன்றும் கேட்கவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். முகூர்த்த நேரமும் மண்டபத்துக்கு வரும் வழியும் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவருக்கும் தெளிவாகத் தெரியும்படி எழுத்தை அழகாக அமையுங்கள்.